ஜேர்மனியில் அம்மாவைப் பராமரிப்பவர்களுக்கு: படிவத்தில் "மகள்" என்று எழுதும் முன்

ஊரில் அம்மா படுக்கையில் விழுந்தால் பார்க்க நாலு பேர் முறை வைத்து வருவார்கள். இங்கே ஒரு மகளோ மருமகளோ தனியாக மாட்டிக்கொள்கிறாள். அவள் வெளியே போகும் நாட்களில் பதிலாள் வைக்கும் செலவைப் பராமரிப்புக் காப்புறுதி தருகிறது. பெயர் ஃபெர்ஹிண்டருங்ஸ்ப்ளேகே. நீங்களாகவே கேளுங்கள், தேடி வந்து கொடுக்க மாட்டார்கள்.

நோயாளி கடந்த பத்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகளாவது காப்புறுதியில் இருந்திருக்க வேண்டும். ஆகவே இப்போதுதான் வந்திறங்கிய அம்மாவுக்குக் காத்திருப்புத்தான். பிறகு மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வருவார். அன்றைக்கு அம்மாவுக்கு நல்ல சேலை உடுத்தி, "எல்லாம் நானே செய்வேன்" என்று சொல்லவிடாதீர்கள். அவர் கணிக்கும் பராமரிப்புத் தேவையில் இரண்டாம் நிலையாவது கிடைக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் ஆண்டுக்கு 3,539 யூரோ, எட்டு வாரம் வரை. பராமரிப்பு இல்லத்தில் சில நாள் தங்கவைப்பதற்கும் சேர்த்துத்தான் இந்த ஒரே தொகை. அதற்கு முன்பே ஆறு மாதம் வீட்டில் பார்த்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அது பழைய சட்டம்.

என் சிநேகிதியின் பணம் போனது உறவுமுறையில். அவள் இலங்கைக்குப் போனபோது அவளுடைய பெரியம்மாவின் மகள், அதாவது தாயின் தமக்கை மகள், வந்து அவள் தாயைப் பார்த்தாள். பெறாமகள் என்றாலும் நமக்கு மகள்தானே! சிநேகிதி படிவத்தில் "மகள்" என்றே எழுதினாள். நோயாளிக்கு இரண்டாம் படி வரையான உறவு என்றால், தொழிலாகச் செய்யாதவருக்குப் பராமரிப்புப் பணத்தின் (வீட்டில் பார்ப்பதற்கு மாதாமாதம் தரும் தொகையின்) இரண்டு மடங்குதான். அவள் தாய்க்கு மூன்றாம் நிலை. மாதம் 599 யூரோ. ஆகவே 1,198 யூரோவோடு நிறுத்திவிட்டார்கள். முடிவுக் கடிதத்துக்கு ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் எழுதலாம். "எழுத்து வேலை யார் செய்வது" என்று விட்டுவிட்டாள். எனக்கு இன்றும் எரிச்சல்.

மகன், மகள், மகனின் மனைவியான மருமகள், பேரப்பிள்ளை, கூடப்பிறந்தவர்கள், மச்சாள்மார் (கூடப்பிறந்தவரின் மனைவி, கணவரின் சகோதரி; மாமா மாமியின் மகள் அல்ல) எல்லோரும் இந்த வரம்புக்குள் வருவார்கள். நோயாளியோடு ஒரே வீட்டில் வசிப்பவர் யாரானாலும் அப்படித்தான். தனி வீட்டில் இருக்கும் பெறாமகளும் அயலவரும் வெளியே. நாள் முழுதும் வந்து நின்ற சொந்த மகளைவிட அயல்வீட்டுக்காரிக்குக் கூடக் கொடுக்கிறார்கள். இந்த நியாயம் எனக்குப் பிடிபடவில்லை.

உறவு இரத்தத்தில் எப்படியோ அப்படியே எழுதுங்கள்: "தமக்கையின் மகள்". நெருங்கிய உறவு என்றாலும் ரயில் செலவும் இழந்த சம்பளமும் தனியாகக் கேட்கலாம், மொத்தம் 3,539ஐத் தாண்டாமல். டிக்கெட்டை எறியாதீர்கள். எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே போன நாட்களை மணிக்கணக்கில் எழுதுங்கள். அப்போது அம்மாவின் பராமரிப்புப் பணம் குறையாது, எட்டு வாரக் கணக்கும் கரையாது.