ஓ.ஜே. சிம்ப்சன் தீர்ப்பும் இனப்பிளவும்: மக்களின் எதிர்வினையை ஆராய்ந்து எழுதுவது எப்படி?

1995 அக்டோபர் 3ஆம் தேதி காலை பத்து மணிக்கு, கறுப்பினத்தவரான அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சனை இரட்டைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கும் தீர்ப்பு லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றம் ஒன்றில் வாசிக்கப்பட்டதைச் சுமார் 15 கோடி அமெரிக்கர்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. வாஷிங்டனிலுள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர்கள் துள்ளி எழுந்து ஆரவாரம் செய்த காட்சியும், வேறோரிடத்தில் வெள்ளையர்கள் வாயடைத்து நின்ற காட்சியும் அன்று முதல் அருகருகே காட்டப்பட்டு வருகின்றன. இவ்வழக்கைப் பற்றிக் கட்டுரையோ ஆய்வேடோ காணொளிக்கான உரையோ எழுத முனைபவர்களில் பெரும்பாலோர் இவ்விரு காட்சிகளிலிருந்தே தொடங்கி, கறுப்பினத்தவர் சிம்ப்சனை நிரபராதி என்று நம்பினார்கள், வெள்ளையர் கொலையாளி என்று நம்பினார்கள் என்ற முடிவோடு நிறுத்திவிடுகிறார்கள். நடந்தது அவ்வளவு எளிமையானதல்ல. அதை முறையாக ஆராய்ந்து எழுத விரும்புவோருக்காகவே இந்த வழிகாட்டி.

முதலில் வழக்கின் எலும்புக்கூட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1994 ஜூன் 12ஆம் தேதி இரவு, லாஸ் ஏஞ்சலிஸின் பிரென்ட்வுட் பகுதியில் சிம்ப்சனின் முன்னாள் மனைவி நிக்கோல் பிரவுன் சிம்ப்சனும் அவருடைய நண்பர் ரொனால்டு கோல்ட்மனும் நிக்கோலின் வீட்டு வாசலில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். ஐந்து நாள் கழித்து, வெள்ளை நிற ஃபோர்டு பிராங்கோ காரில் சிம்ப்சன் செல்ல, காவல் வாகனங்கள் பின்தொடர்ந்த காட்சி நாடெங்கும் நேரடியாக ஒளிபரப்பானது. 1995 ஜனவரியில் நீதிபதி லான்ஸ் இட்டோ முன்பு இருதரப்புத் தொடக்க வாதங்களும் தொடங்கின. அரசுத் தரப்பில் மார்ஷா கிளார்க்கும் கிறிஸ்டோபர் டார்டனும், சிம்ப்சன் தரப்பில் ஜானி காக்ரன் தலைமையில் ஒரு பெரும் வழக்கறிஞர் அணியும் வாதாடினார்கள். கொல்லப்பட்ட இருவருமே வெள்ளையர்கள். குற்றம் சாட்டப்பட்டவரோ வெள்ளை அமெரிக்காவும் தன்னவராகக் கொண்டாடிய கறுப்பினக் கால்பந்து வீரர், விளம்பர முகம், நடிகர். எதிர்வினைகளைப் பற்றி எழுதும்போது இறந்தவர்களின் பெயர்கள் காணாமல் போவது இத்துறையில் வழக்கமாகிவிட்ட குறை என்பதால், அவற்றை உங்கள் முதல் பத்திகளுக்குள்ளேயே எழுதிவிடுவது நல்லது.

அடுத்து, மக்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளைப் பிரித்தெடுக்க வேண்டும். இந்த வேலையில் மிகுதியான உழைப்பைக் கோருவது இதுதான். சிம்ப்சன் கொன்றாரா என்பது ஒரு கேள்வி. நியாயமான ஐயத்துக்கு இடமின்றி அரசுத் தரப்பு அதை நிரூபித்ததா என்பது வேறொரு கேள்வி. ஜூரி, அதாவது தீர்ப்பளிக்கும் பன்னிரு குடிமக்கள் குழு, எடுத்த முடிவு சரியா என்பது மூன்றாவது. லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறை கறுப்பினத்தவரிடம் நேர்மையாக நடந்துகொள்ளுமா என்பது நான்காவது. கருத்துக்கணிப்புகள் இவற்றைத் தனித்தனியாகவே கேட்டன. செய்திகளோ நான்கையும் ஒன்றாகக் கலந்து ஒரே பிளவாகக் காட்டின. தீர்ப்பையொட்டிக் கேலப் நிறுவனம் நடத்திய கணிப்பில், ஜூரியின் முடிவு சரியே என்று கறுப்பினத்தவரில் 78 சதவீதத்தினர் கூறினர். வெள்ளையரிலும் 42 சதவீதத்தினர் அவ்வாறே கூறினர். இடைவெளி பெரியதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் தீர்ப்பை ஏற்ற அந்த 42 சதவீத வெள்ளையர்கள் தொலைக்காட்சியின் இரண்டு சட்டகங்களில் எதிலும் இடம்பெறவில்லை. ஆகவே எந்த எண்ணை எடுத்தாண்டாலும், கேட்கப்பட்ட கேள்வியையும் கேட்கப்பட்ட காலத்தையும் அதன் அருகிலேயே குறிப்பிடுங்கள். அவை கிடைக்காத எண்ணைக் கைவிட்டுவிடுங்கள்.

நான்காவது கேள்விக்கான விடை 1994இல் பிறந்ததல்ல என்பதால், அதற்கு முந்தைய ஆண்டுகளை ஒரு காலவரிசையாக எழுதி வைத்துக்கொள்வது அவசியம். 1965இல் வாட்ஸ் பகுதியில், ஒரு கறுப்பின ஓட்டுநரைக் காவலர்கள் நிறுத்திக் கைது செய்ததிலிருந்து வெடித்த கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள். 1991 மார்ச் 3ஆம் தேதி ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைக் காவலர்கள் தரையில் போட்டுத் தடியால் அடித்ததை ஒருவர் தம் வீட்டு மாடத்திலிருந்து படமெடுத்தார். உலகமே அதைப் பார்த்தது. அதே மாதத்தில், ஒரு குப்பி ஆரஞ்சுச் சாறு தொடர்பான தகராறில் 15 வயதுக் கறுப்பினச் சிறுமி லதாஷா ஹார்லின்ஸ் கடைக்காரப் பெண்மணி ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டாள். அப்பெண்மணி குற்றவாளி என்று ஜூரி கூறியும், நீதிபதி அவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பும் சமூகப் பணியும் 500 டாலர் அபராதமும் விதித்து விட்டுவிட்டார். 1992 ஏப்ரல் 29ஆம் தேதி, ரோட்னி கிங்கை அடித்த காவலர்கள் நால்வரில் ஒருவர்மீதும், லாஸ் ஏஞ்சலிஸுக்கு அருகிலுள்ள சிமி வேலியில் கூடிய ஜூரி குற்றத் தீர்ப்பு வழங்காதபோது நகரம் பற்றி எரிந்தது. 50க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இவையெல்லாம் சிம்ப்சன் வழக்கின் சாட்சியங்கள் அல்ல என்பது உண்மையே. ஆனால் படமெடுக்கப்பட்ட வன்முறைக்கே தண்டனை கிடைக்காததைக் கண்ட மக்கள், அதே காவல்துறை திரட்டிய சான்றுகளை எந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்பதை இந்தக் காலவரிசை இல்லாமல் விளக்க முடியாது.

காவல்துறை மீதான ஐயம் வெறும் உணர்ச்சியாக இருந்ததா, அல்லது வழக்குக்குள்ளேயே அதற்கு ஆதாரம் இருந்ததா என்பதை அடுத்துச் சோதியுங்கள். சிம்ப்சன் வீட்டில் ரத்தக் கறை படிந்த கையுறையைக் கண்டெடுத்ததாகக் கூறிய துப்பறிவாளர் மார்க் ஃபுர்மன், கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லைக் கடந்த பத்தாண்டுகளில் தாம் பயன்படுத்தியதே இல்லை என்று சத்தியப் பிரமாணத்தின் பேரில் கூறினார். பிறகு, அச்சொல்லை அவர் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய ஒலிநாடாக்கள் வெளிவந்தன. சான்றுகளை ஜோடித்தீர்களா என்று கேட்கப்பட்டபோது, ஜூரி இல்லாத அவையில், பதில் சொல்ல மறுக்கும் அரசியலமைப்பு உரிமையைக் கோரினார். பொய்ச் சாட்சியம் சொன்ன குற்றச்சாட்டை 1996இல் அவர் எதிர்த்து வாதாடவில்லை. சிம்ப்சனிடமிருந்து எடுத்த ரத்த மாதிரியை உடனே பதிவுசெய்து ஒப்படைக்காமல், விசாரணை அதிகாரி ஒருவர் அதைச் சிம்ப்சனின் வீட்டுக்கே எடுத்துச் சென்றதும் விசாரணையில் தெரியவந்தது. மறுபக்கத்தில், டி.என்.ஏ. சோதனைகள் சிம்ப்சனைச் சுட்டின. 1989இல் நிக்கோலை அடித்த வழக்கில் அவர் தண்டனை பெற்றிருந்தார். உதவி கேட்டு நிக்கோல் காவல்துறைக்குப் பேசிய அழைப்பின் ஒலிப்பதிவும் இருந்தது. இரண்டு தொகுதிகளையும் ஒரே நேர்மையோடு முன்வைக்காத கட்டுரை, எந்தப் பக்கம் சாய்ந்தாலும், பாதிக் கட்டுரைதான்.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று உண்டு. அந்த ஒலிநாடாக்களின் பல பகுதிகளை நீதிமன்ற ஒளிபரப்பின் வழியாகப் பொதுமக்கள் கேட்டார்கள். எட்டு மாதங்களுக்கு மேலாக வெளியுலகத் தொடர்பின்றித் தனிமையில் வைக்கப்பட்டிருந்த ஜூரியோ, நீதிபதி அனுமதித்த இரண்டு சிறு பகுதிகளை மட்டுமே கேட்டது. எனவே பொதுமக்களின் எதிர்வினையையும் ஜூரியின் முடிவையும் ஒன்றுக்கொன்று விளக்கமாகப் பயன்படுத்தாதீர்கள். இரு சாராரும் பார்த்த வழக்கே வேறு. ஒன்பது கறுப்பினத்தவர், இரண்டு வெள்ளையர், ஒரு லத்தீன் இனத்தவர் கொண்ட ஜூரி நான்கு மணி நேரத்துக்குள் முடிவெடுத்தது என்பதை எழுதுகிறவர்கள், கலிபோர்னியச் சட்டப்படி அந்த முடிவு ஒருமனதாக இருந்தாக வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிக்கிய லட்சுமிகாந்தன் கொலை வழக்கு ஜூரியின் முன்பு நடந்ததென்பதைத் தமிழ் வாசகர்கள் சிலராவது அறிவார்கள். ஆயினும் இந்தியாவில் அம்முறை மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டதால், சாதாரணக் குடிமக்கள் பன்னிருவர் கூடித் தீர்ப்பளிக்கும் முறையை ஓரிரு வரிகளில் விளக்கிவிட்டு மேலே செல்வது நலம்.

பின்னாளில் வெளிவந்த வாக்குமூலங்களை அவற்றின் தேதியோடு எடைபோடுங்கள். 2016இல் வெளியான ஆவணப்படம் ஒன்றில், ரோட்னி கிங்குக்கு நேர்ந்ததற்கு ஈடாகவே ஜூரியில் பெரும்பாலோர் விடுதலைக்கு வாக்களித்தார்கள் என்று ஜூரியில் இருந்த ஒருவர் கூறினார். இது முக்கியமான சான்றுதான். ஆனால் இருபதாண்டுகளுக்கு மேல் கழித்து ஒருவர் பிறருடைய மனத்தைப் பற்றிச் சொன்ன சான்று. அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்பதே காரணம் என்று சொன்ன ஜூரர்களும் உண்டு. முதலாவதை மட்டும் தலைப்பில் போடுவது கவர்ச்சியான வேலை, நேர்மையான வேலை அல்ல.

ஊடகங்களின் கையையும் பாருங்கள். 1994 ஜூனில் டைம் இதழ் சிம்ப்சனின் காவல்துறைப் புகைப்படத்தைக் கருமையாக்கி அட்டையில் வெளியிட்டது; அதே வாரம் நியூஸ்வீக் அதே படத்தை மாற்றமின்றி வெளியிட்டதால் வேறுபாடு கடைகளிலேயே பல்லிளித்தது. தீர்ப்பு நாளிலும் படக்கருவிகள் எங்கே நிறுத்தப்பட வேண்டும் என்பதை யாரோ முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். ஒரு காட்சியை எடுத்தாளும்போது, அது எந்த இடம், அங்கே கூடியிருந்தவர்கள் யார் என்பதைச் சொல்லுங்கள். ஹோவர்டு மாணவர்கள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட கறுப்பின அமெரிக்கர்களின் பிரதிநிதிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர்.

பிளவுக்குள் அடங்காத குரல்களைத் தேடுவதில் தயங்க வேண்டாம். கறுப்பினத்தவரான டார்டன், தம் இனத்தவர் பலராலேயே துரோகி என்று தூற்றப்பட்டார். மனைவியை அடித்த ஒருவருக்காகத் தெருவில் கொண்டாடுவதா என்று மனம் கசந்த கறுப்பினப் பெண்களும் இருந்தார்கள். அவர்களைப் பேட்டி காண எவரும் அவசரப்படவில்லை. சிம்ப்சன் தரப்பு வழக்கறிஞர்களில் ஒருவரான வெள்ளையர் ராபர்ட் ஷப்பீரோ, தம் அணி இனத்தைத் துருப்புச் சீட்டாகப் பயன்படுத்தியதைத் தீர்ப்புக்குப் பின் தொலைக்காட்சியிலேயே கண்டித்தார். ஜப்பானிய வம்சாவளியினரான நீதிபதி இட்டோவின் உச்சரிப்பு என்று தாம் கற்பித்துக்கொண்டதை வானொலியில் கேலியாக நடித்துக் காட்டிய செனட்டர் அல்போன்ஸ் டி'அமாட்டோ பின்னர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. இட்டோ பேசியது சாதாரண அமெரிக்க ஆங்கிலம். கறுப்பு, வெள்ளை என்ற இரண்டு கட்டங்களில் லாஸ் ஏஞ்சலிஸை அடைக்க முடியாது. செல்வத்தையும் மறந்துவிடக் கூடாது: ஏழைக் கறுப்பினத்தவர் ஒருவருக்கு இத்தகைய வழக்கறிஞர் அணி வாய்த்திருக்காது என்பதை எல்லோரும் அறிந்தே இருந்தார்கள்.

அடுத்த படியாக, 1997இல் சான்டா மோனிகாவில் முடிந்த, இழப்பீடு கோரிய உரிமையியல் வழக்கை அருகில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வெள்ளையரைக் கொண்ட ஜூரி, இரு மரணங்களுக்கும் சிம்ப்சனே பொறுப்பு என்று கூறி மொத்தம் 3.35 கோடி டாலர் வழங்க உத்தரவிட்டது. அங்கே நிரூபணத்துக்கான அளவுகோல் தளர்வானது, சிம்ப்சன் சாட்சிக் கூண்டில் ஏறியாக வேண்டியிருந்தது, படக்கருவிகளுக்கு அனுமதி இல்லை. இவ்வளவு மாறியிருக்கையில், முடிவு மாறியதற்கு ஜூரியின் நிறம் ஒன்றே காரணம் என்று எழுதுவது அவசர முடிவாகும்.

கடைசியாக, காலம் செய்த மாற்றத்தை அளந்து பாருங்கள். 2015இல் வாஷிங்டன் போஸ்ட்டும் ஏபிசி நியூஸும் நடத்திய கணிப்பில், சிம்ப்சன் குற்றவாளி என்றோ குற்றவாளியாகவே இருக்கக்கூடும் என்றோ வெள்ளையரில் 83 சதவீதத்தினரும் கறுப்பினத்தவரில் 57 சதவீதத்தினரும் கருதினர். தொண்ணூறுகளில் அவ்வாறு கருதிய கறுப்பினத்தவர் சிறுபான்மையினரே. இதைக் கண்டு இனப்பிளவு ஆறிவிட்டது என்று எழுதத் தோன்றும். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டில்தான் மிசோரி மாநிலத்தின் பெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது கறுப்பின இளைஞர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டதும், வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுவான பெருநடுவர் குழு அக்காவலர்மீது குற்றம் சாட்ட மறுத்ததும், நாடெங்கும் போராட்டம் மூண்டதும் நடந்தன. காவல்துறையின் மீது கறுப்பினத்தவருக்கிருந்த ஐயம் தணியாத அதே காலத்தில், சிம்ப்சனைப் பற்றிய அவர்களுடைய கருத்து மாறியிருந்தது. அதாவது முதல் கேள்விக்கான விடை நகர்ந்தது, நான்காவது கேள்விக்கான விடை இருந்த இடத்திலேயே இருந்தது.