கறுப்பு நாய் வளர்க்கச் சொன்னாரா ஜோசியர்?

தைப்பூசம் முடிந்ததும் எங்கள் கோலாலம்பூர் கோவிலுக்குப் புதுமுகங்கள் வரத் தொடங்கும். விரதத்தில் மனம் இளகி, கறியை விட்டு, நாய் பூனைமேலும் பாசம் பொங்க வருகிறவர்கள். நல்லதுதான். ஆனால் நான் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்துகளை ஒன்று விடாமல் அடிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மறந்து முட்டை தின்றுவிட்டேன் என்ற ரகப் புலம்பலுக்கெல்லாம் இங்கே இடமில்லை. அது தானாகச் சரியாகும்.

பரிகாரத்துக்கு நாய் வளர்ப்பது

இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. பைரவருக்கு நாய் வாகனம். தேய்பிறை அஷ்டமி பூஜைக்கு வர ஆரம்பித்தவரிடம் யாராவது ஒரு ஜோசியர், கறுப்பு நாய் வளர்த்தால் சனி தோஷம் குறையும் என்று சொல்லிவைப்பார். அடுத்த வாரமே குட்டி வீட்டுக்கு வந்துவிடும்.

செந்தூலில் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒரு தம்பி அப்படித்தான் வாங்கினார். கழுத்தில் செவ்வரளி மாலை, நெற்றியில் குங்குமத்தோடு குட்டியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். உடனே போன் போட்டேன். "தம்பி, முதல்ல அந்த மாலையைக் கழட்டுங்க." அரளியில் பூ, இலை, தண்டு எல்லாமே நாய்க்கு விஷம். குட்டியோ எதைக் கண்டாலும் கடிக்கும். தடுப்பூசி போட்டாச்சா என்று கேட்டதற்கு, "சாமி வாகனம்ணே, அதுக்கு என்ன வந்துடப் போகுது?" என்றார்.

பிறகு குரைக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒருநாள் காலையில் கோவில் பின்பக்கக் குழாயடியில் குட்டி கட்டிக் கிடந்தது, பக்கத்தில் ஒரு பிஸ்கட் பொட்டலம். கேட்டால், "சாமிகிட்டயே ஒப்படைச்சிட்டேன்ணே." சாமி கிளினிக்குக் கூட்டிப் போகாது. குட்டிக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து இரத்தமாகப் போனபோது தூக்கிக்கொண்டு ஓடியது மடப்பள்ளியில் வேலை செய்யும் அக்கா. ட்ரிப் ஏற்றினோம், பில்லைப் பங்கு போட்டுக் கட்டினோம். பிழைக்கவில்லை. தம்பி அடுத்த அஷ்டமிக்கு வடைமாலையோடு வந்து நின்றார்.

தேய்பிறை அஷ்டமி மாதத்துக்கு ஒன்று. நாய்க்குத் தினமும் பசிக்கும், அதுவும் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு. வாங்கும் முன்பே அடுக்குமாடி நிர்வாகத்திடமும், லைசென்ஸுக்கு மாநகர் மன்றத்திடமும் கேட்டுவிடுங்கள். தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வார வயதுக்குள் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடவேண்டும். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, விலங்கைக் கொடுமைப்படுத்தினால் அபராதம் 20,000 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 100,000 வெள்ளி வரை. மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. பரிகாரம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

பைரவருக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றால், உங்கள் லோரோங்கில் (சந்தில்) திரியும் பெட்டை நாய் ஒன்றுக்குக் கருத்தடை செய்துவிடுங்கள். வடைமாலைக் காசைச் சேர்த்துவைத்தால் போதும்.

அபிஷேகப் பாலைப் பூனைக்குட்டிக்கு ஊற்றுவது

பசும்பால் பூனைக்குட்டிக்குச் செரிக்காது. வயிற்றால் போய், உடம்பில் நீர் வற்றிச் செத்துவிடும். மஞ்சளும் தேனும் கலந்த பாலென்றால் கேட்கவே வேண்டாம். பூனைக்குட்டிக்கென்றே பால்மாவு விற்கிறது, அதைக் கரைத்துக் கொடுங்கள். குப்புறப் படுத்த நிலையில்தான் ஊட்டவேண்டும். கைக்குழந்தைபோல் மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

பறவை வாங்கிப் பறக்கவிடுவது

நீங்கள் கொடுத்த காசில்தான் பறவை பிடித்து விற்பவர் அடுத்த வலை வாங்குகிறார்.

பத்துமலைக் குரங்குக்குப் பழம் நீட்டுவது

272 படியிலும் பையைப் பறிக்கப் பழக்கியது நாம்தான். பழத்தைச் சாமிக்கு வைத்துவிட்டு இறங்குங்கள்.

"கறி இல்லைதானே?" என்று மட்டும் கேட்பது

இல்லை என்றுதான் சொல்வார்கள், பொய்யும் கிடையாது. ஆனால் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றோடு வரும் சம்பலில் நெத்திலியும் பெலாச்சானும் (இறால் விழுது) இருக்கும். சீனர் சைவக் கடையில் அந்தப் பயம் இல்லை. அங்கே விற்கும் போலிக் கறி சிலவற்றில் முட்டை சேர்ப்பார்கள், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி) சொன்னால், பருப்பு மட்டும் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மீன் குழம்பையும் சேர்த்து ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.