இடியப்ப உரலில மீன் தீனி: நெத்தலியை அரைக்காம திலாப்பியாவுக்கும் ட்ரௌட்டுக்கும்

தெகிவளையில எங்கட மொட்டைமாடித் தொட்டியில திலாப்பியா வளக்கிறம். கடைத் தீனிப் பையைத் திருப்பிப் பாத்தா முதல் எழுதியிருக்கிறது மீன் மா, அதாவது நெத்தலி, சாளை மாதிரிச் சின்ன மீனை அரைச்சு இன்னொரு மீனுக்குப் போடுறம். நாங்க பொரியலுக்கும் சொதிக்கும் தேடி வாங்கிற மீன் அது, எனக்கு மனசு கேக்கேல்ல. அதால செய்து பழகினதை அப்பிடியே சொல்லுறன்.

முதல்ல, மீன் மாவுக்குப் பதிலாப் போடுற புழு. பிளாக் சோல்ஜர் பிளை எண்டு ஒரு கறுப்பு ஈ, கடிக்காது, கொழும்புச் சூட்டுக்கு நல்லா வரும். அடியில ஓட்டை போட்ட பெரிய வாளியில மாம்பழத் தோல், பப்பாளி, மரக்கறிக் கழிவு போட்டுப் புளிக்க விடுங்கோ, வாசத்துக்கு ஈ தானா வரும். அது முட்டையைச் சாப்பாட்டில விடாது, கிட்ட இருக்கிற காஞ்ச இடுக்கிலதான் விடும், அதால நெளிநெளியான காட்போட் மட்டையை மூண்டு நாலா அடுக்கிக் கட்டி வாளி விளிம்பில தொங்கவிடுங்கோ. நாலு நாள் மட்டில பொரிக்கும், பிறகு ரெண்டு மூண்டு கிழமையில புழு கொழுத்திடும். எறும்பு ஏறாம வாளியைக் கல்லில வச்சு, கல்லைத் தண்ணித் தட்டில வையுங்கோ. ரோட்டுக் குப்பை, கான் சேறு மட்டும் வேண்டாம், இந்தப் புழு கட்மியம் எண்ட நச்சு உலோகத்தை உடம்பில சேத்து வைக்கும், அது மீனுக்குள்ள போய்க் கடைசியா எங்கட கோப்பைக்கு வரும்.

புழு வெள்ளையா இருக்கேக்கயே எடுக்கோணும், கறுத்திட்டா தோல் தடிச்சுச் சமிக்கிறது குறையும். கொதிதண்ணியில ரெண்டு நிமிசம் போட்டு வடிச்சு, சுளகில பரப்பி நல்ல வெயிலில காய வையுங்கோ. கையில நசிச்சா மொறுக்கெண்டு உடையோணும், அதுதான் பதம்.

இனிக் கணக்கு, இதிலதான் கனபேர் பிழை விடுறவை. காஞ்ச புழுவில புரதம் 40 வீதம் மட்டில, தேங்காய்ப் புண்ணாக்கில 20, கோதுமை மாவில 10. மீன் வெட்டுற அண்ணையிட்ட தலை, முள்ளு, குடல் கேட்டா தருவார், அதை அவிச்சுக் காய வச்சு அரைச்சா 50க்குக் கிட்ட வரும். ஒரு கிலோவுக்குப் புழு 400 கிராம், மீன் கழிவு 150, புண்ணாக்கு 300, கோதுமை மா 150. கூட்டிப் பாருங்கோ, 160, 75, 60, 15, எல்லாமா 310 கிராம், அதாவது 31 வீதம். திலாப்பியாவுக்கு இது காணும். புண்ணாக்கில பூஞ்சண மணம் வந்தா எறிஞ்சிடுங்கோ, அதில வாற நஞ்சு மீன்ட ஈரலைப் பழுதாக்கும்.

கோதுமை மாவைக் கஞ்சியாக் காய்ச்சி, மற்றதை அதில போட்டுக் குழைச்சு, ஆறினாப்பிறகு மீனுக்குரிய விற்றமின் கலவை கொஞ்சம் சேருங்கோ, சூட்டில போட்டா விற்றமின் சி அழிஞ்சிடும். பிறகு இடியப்ப உரலில பிழிஞ்சு, நிழலில காய விட்டு, கையால சின்னச் சின்னனா உடையுங்கோ. ஒரு கிளாஸ் தண்ணியில நாலு துண்டு போட்டுப் பாருங்கோ, பத்து நிமிசம் கரையாம நிண்டாச் சரி, கரைஞ்சா அடுத்தமுறை கஞ்சியைக் கூட்டுங்கோ.

நுவரெலியாப் பக்கம் ட்ரௌட் வளக்கிற ஆக்கள் இருந்தா, தயவுசெய்து இதே கலவையைப் போடவேண்டாம். வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட அந்த மீன் குளிர்தண்ணி மீன், இறைச்சி தின்னுறது, புரதம் 40 வீதத்துக்கு மேல வேணும், மாச்சத்து அவ்வளவாச் சமிக்காது. புண்ணாக்கை எடுத்திட்டு மீன் கழிவைக் கூட்டோணும். சோயா சேக்கிறதெண்டா நல்லா வறுத்தது மட்டும், பச்சைச் சோயா சமிபாட்டைத் தடுக்கும், வறுத்ததும் கூடினா குடல் வீங்கும், மீனுக்குத் தேவையான மெதியோனின் எண்ட அமினோ அமிலமும் அதில குறைவு. புழுக் கொழுப்பு தேங்காய் எண்ணெய் மாதிரி, ஒமேகா 3 இல்லையெண்டே சொல்லலாம், அதால மீன் எண்ணெய் கொஞ்சம் கட்டாயம். ஆளி விதை எண்ணெயும் ஓரளவு உதவும், ட்ரௌட் அதைத் தன்ர உடம்பில மாத்தி எடுக்கும்.

எந்த மீனா இருந்தாலும் ஒரே நாளில மாத்தாதேங்கோ. முதல் கிழமை கால்வாசி, பிறகு அரைவாசி எண்டு போங்கோ. மாதம் ஒருக்காப் பத்து மீனைப் பிடிச்சு நிறுத்து, ஒரு மீன்ட சராசரி நிறையைத் தொட்டியில இருக்கிற மொத்த மீன் எண்ணிக்கையால பெருக்குங்கோ, பிறகு அந்த மாதம் போட்ட தீனியைக் கூடின மொத்த நிறையால பிரியுங்கோ. திலாப்பியாவுக்கு ஒன்றரைக்குக் கிட்ட வந்தா நல்லம், ரெண்டுக்கு மேல போனா தீனி அடியில கிடந்து அழுகுதோ எண்டு முதல்ல தொட்டிக்குள்ள கைய விட்டுப் பாருங்கோ.