பலகை இன்னும் அசைகிறது: மரவேலை பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நன்றாக இழைத்து, வார்னிஷ் பூசி, கூடத்தில் போட்ட மேசை ஒரு கோடை கழிவதற்குள் நடுவில் பிளந்துவிட்டால், மரம் சரியில்லை என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் மரத்தின் மேல் பிழை இருப்பதில்லை. அறுத்த பலகை காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி விரியும். வறட்சியில் அதை விட்டுச் சுருங்கும். எவ்வளவு பழைய மரமானாலும் இது நிற்பதில்லை. வார்னிஷ் அந்த வேகத்தைக் குறைக்குமே தவிர அடியோடு தடுக்காது. புதியவர்கள் செய்யும் தவறுகளில் அதிக இழப்பைத் தருவது இதை மறப்பதுதான் என்பேன். கோணலாக அறுத்த துண்டுக்குப் பதில் வேறொன்று அறுத்துக்கொள்ளலாம். அசைய இடமின்றி இறுக்கிய பலகையோ, வேலையெல்லாம் முடிந்து வீட்டில் எல்லோரும் பாராட்டிய பிறகு வெடிக்கும்.

நீளவாக்கில் பலகை மாறுவது மிகச் சொற்பம். மாற்றமெல்லாம் அகலவாக்கில்தான். அதிலும் ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பலகை சுருங்குவதோடு நில்லாமல் குழிந்து வளைவது இதனால்தான். 60 செ.மீ. அகலமுள்ள மேசைப்பலகை பருவத்துக்குப் பருவம் சில மில்லிமீட்டர் விரிந்து சுருங்குவது இயல்பு; சில மரங்களில் அரை சென்டிமீட்டரையும் தாண்டும். அதை நான்கு பக்கச் சட்டத்தோடு பசையும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்கிவிட்டால் அது எங்கே போகும்? ஒன்று பலகையே பிளக்கும், இல்லையென்றால் சட்டத்தைப் பிரித்துவிடும். சட்டத்தில் போடும் துளையை வட்டமாகப் போடாமல், பலகை விரியும் திசையில் நீண்ட துளையாகப் போட்டு, வாஷர் வைத்து ஸ்க்ரூவை முடுக்குங்கள். அந்த இடத்தில் பசை வேண்டாம். கதவின் நடுப்பலகைக்கும் இதே முறைதான்: சட்டத்தில் வெட்டிய காடியில், அதாவது நீண்ட பள்ளத்தில், பசையின்றி, கொஞ்சம் இடைவெளியோடு உட்கார வேண்டும். பிளைவுட்டில் மெல்லிய தகடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் இந்தக் கவலை அனேகமாக இல்லை.

பலகையை வாங்கி வந்த அன்றே அறுப்பதும் இதே வகைத் தவறு. வேலை செய்யப்போகும் அறையிலேயே, பலகைகளுக்கு இடையில் ஒரே தடிமனுள்ள குச்சிகளை வைத்து, எல்லாப் பக்கமும் காற்றுப் படும்படி இரண்டு வாரமாவது அடுக்கிவையுங்கள். சுவரில் சாய்த்துவைத்தால் அப்படியே வளைந்து போகும்.

அடுத்தது அளவு. டேப்பின் நுனியிலுள்ள கொக்கி லேசாக ஆடும். பழுது என்று நினைத்து அதைச் சுத்தியலால் தட்டி இறுக்குகிறவர்கள் உண்டு. தயவுசெய்து தட்டாதீர்கள்; அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைத்தது. பலகையின் விளிம்பில் மாட்டி இழுக்கும்போது கொக்கி தன் தடிமனின் அளவுக்கு வெளியே நகரும்; சுவரில் முட்டி அளக்கும்போது அதே அளவு உள்ளே போகும். இரண்டு வகையிலும் அளவு சரியாக வர அதுவே காரணம்.

ரம்பம் தின்னும் மரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 120 செ.மீ. பலகையிலிருந்து 30 செ.மீ. துண்டுகள் நான்கு வரும் என்று தாளில் எழுதிவிடலாம். மின்ரம்பத்தின் வெட்டு சுமார் 3 மி.மீ. அகலம், மூன்று வெட்டுக்கு 9 மி.மீ. போய்விடும், நான்காவது துண்டு அந்த அளவு குட்டையாக வரும். எல்லாக் கோடுகளையும் முதலிலேயே போட்டுவிடாமல், ஒரு துண்டை அறுத்த பிறகு அடுத்ததைக் குறியுங்கள். ரம்பம் கோட்டின் மேல் போகக்கூடாது. கழிவுப் பக்கமாகக் கோட்டை ஒட்டிப் போக வேண்டும். பென்சில் கோட்டுக்கு ஓர் அகலம் உண்டு. கூரிய கத்தியால் கீறிய கோட்டுக்கு அது இல்லை என்றே சொல்லலாம். மேல் நாரையும் அது முன்கூட்டியே அறுத்துவிடுவதால் விளிம்பு பிசிறில்லாமல் வரும். ஒரே அளவில் பல துண்டுகள் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் டேப்பை எடுக்காதீர்கள். சரியாக வந்த முதல் துண்டை வைத்தே மற்றவற்றைக் குறித்துவிடலாம்.

செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் வேண்டாம். நேரான விளிம்புள்ள பலகையில் அதை வைத்து ஒரு கோடு போடுங்கள். பிறகு மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. விலகினால், கண்ணில் படும் விலகல் உண்மையான பிழையின் இரு மடங்கு.

கூர் மழுங்கிய உளியோடு போராடுவது புதியவர்களை மரவேலையையே வெறுக்க வைத்துவிடுகிறது. புது உளி, வாங்கிய நிலையில் வேலைக்குத் தயாராக இருப்பது அரிது. அதன் தட்டையான பின்பக்கத்தை, குறைந்தது நுனியை ஒட்டிய பகுதியையாவது, கல்லில் சமமாகத் தேய்க்க வேண்டும். சாய்வுப் பக்கத்தை 25 பாகையில் பிடித்து, நுனியை மட்டும் 30 பாகையில் தீட்டுவது பெரும்பாலான வேலைகளுக்குப் பொருந்தும். தீட்டும்போது பின்பக்க விளிம்பில் விரலை வெளிநோக்கித் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். விளிம்பு முழுவதும் அது தட்டுப்படும்வரை நிறுத்தாதீர்கள். பிறகு மென்மையான கல்லில் இருபுறமும் மாற்றி மாற்றித் தேய்த்து அதை எடுத்துவிடுங்கள். விளக்கின் கீழே உளியின் கூர் விளிம்பை நேராகப் பார்த்தால் வெள்ளைக் கோடு மின்னுகிறதா? மின்னும் இடமெல்லாம் மழுக்கம். நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. மழுங்கிய உளிக்கு அதிக பலம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அது வழுக்கினால் அந்தப் பலம் முழுவதும் கையில் இறங்கும். அதனால் இரு கைகளும் எப்போதும் கூருக்குப் பின்னால் இருக்கட்டும்.

இருபது உளி கொண்ட தொகுப்பை மலிவாக வாங்குவதைவிட 6, 12, 25 மி.மீ. என மூன்று நல்ல உளிகளும் தீட்டுவதற்கு நல்ல கல்லும் போதும் என்பது என் உறுதியான எண்ணம். மிச்சப் பணத்தில், ஒட்டும் துண்டுகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வாங்குங்கள்; அவை எத்தனை இருந்தாலும் போதாது.

பசையில் நடக்கும் தவறு அவசரத்தால் வருவது. பசை தடவிய பிறகு கிளாம்ப் எங்கே, எந்தத் துண்டு எந்தப் பக்கம் என்று தேடினால் பாதியிலேயே அது இறுகத் தொடங்கிவிடும். முதலில் பசையில்லாமல் முழுவதையும் பூட்டி ஒத்திகை பாருங்கள். பெட்டியோ சட்டமோ செய்தால், கிளாம்ப் போட்டதும் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளக்க வேண்டும். சமமாக இருந்தால் மூலைகள் செங்கோணம். ஒன்று நீளமாக இருந்தால் அந்த மூலைவிட்டத்தின் திசையில் மெல்ல அழுத்திச் சரிசெய்யலாம். பசை காய்ந்த பிறகு அளந்து பயனில்லை. பலகையின் வெட்டுமுனை, அதாவது நார் குறுக்கே அறுபட்ட பக்கம், பசையை உறிஞ்சிவிடும். வெட்டுமுனைகளை வெறும் பசையால் ஒட்டிப் பாரம் தாங்க வைக்க முடியாது. வெளியே பிதுங்கிய பசையை ஈரத்துணியால் துடைத்தால் நீர்த்த பசை மரத்துளைகளுக்குள் போய், சாயம் பூசும்போது வெளிறிய திட்டாக நிற்கும். சற்றுப் பொறுத்து, அது ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளியால் சுரண்டி எடுங்கள்.

ஸ்க்ரூவுக்குத் துளை போடாமல் முடுக்குவது, குறிப்பாகப் பலகையின் விளிம்புக்கு அருகில், பிளவைக் கூப்பிட்டு வரவழைப்பதற்குச் சமம். அடிப்பலகையில் ஸ்க்ரூவின் நடுத்தண்டு அளவுக்கும், மேற்பலகையில் ஸ்க்ரூ தாராளமாக நுழையும் அளவுக்கும் துளை வேண்டும். மேலேயும் மரை பிடித்துக்கொண்டால் இரு பலகைகளும் நெருங்காமல் இடைவெளியோடு நின்றுவிடும்.

உப்புத்தாளில் சொரசொரப்பான 80-ஆம் எண்ணிலிருந்து 120, 180 என்று மென்மையானவற்றுக்குப் படிப்படியாகப் போகாமல் தாவினால் முதல் தாளின் கீறல்கள் அடியில் தங்கி, வார்னிஷ் பூசியதும் வெளியே தெரியும். ஒவ்வொரு தாளுக்கும் முன்னால் பென்சிலால் பரவலாகக் கிறுக்கிவிட்டு, கிறுக்கல் மறையும்வரை மரநாரின் போக்கிலேயே தேயுங்கள்.

மின்கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். உலோகம் அறுக்கும் சிறு கிரைண்டரில் பல்லுள்ள மரரம்பத் தகட்டை மாட்டாதீர்கள். அந்தக் கருவி நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கும் மேல் ஓடக்கூடியது. மரத்தில் சிக்கினால் கையை உதறிக்கொண்டு உடலை நோக்கிப் பாயும். வட்ட ரம்பத்தால் அறுக்கும்போது, இரு முனைகளை மட்டும் தாங்கிவைத்து நடுவில் அறுத்தால் பலகை தொய்ந்து ரம்பத்தைக் கவ்வும், ரம்பம் பின்னோக்கி எகிறும். வெட்டின் இரு பக்கமும் தாங்கல் கொடுங்கள், ரம்பத்தின் நேர்கோட்டில் நிற்காதீர்கள். சுழலும் தகட்டருகே கையுறை அணிவது பாதுகாப்பாகாது. நூல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். தகடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், சுவிட்சை அணைத்தால் போதாது.

தூசியைப் பலர் பொருட்படுத்துவதே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. கைக்குட்டை கட்டிக்கொள்வது நுண்தூளைத் தடுக்காது. என்95 தரமுள்ள முகக்கவசத்தை மூக்கோடு இறுகப் படியும்படி அணியுங்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடாதீர்கள், பெருக்கும்போதுதான் அதிகம் பறக்கும்.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசப் பயன்படுத்திய துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடுவது வீட்டையே எரித்துவிடக்கூடிய தவறு. அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து காயும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியின்றிச் சேர்ந்து, யாரும் கொளுத்தாமலே சில மணி நேரத்தில் தீப்பற்றும். துணியை வெளியே, தரையில் மடிக்காமல் ஒற்றை அடுக்காக விரித்து விறைப்பாகக் காயும்வரை விடுங்கள். அதற்கு இடமில்லையென்றால் தண்ணீர் நிரப்பிய உலோக டப்பாவில் முழுவதும் அமிழ்த்தி இறுக மூடிவையுங்கள்.