தானாக நின்றதா, நாம் நிறுத்தினோமா? அணுமின் நிலையங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1983 பிப்ரவரி 22. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள சேலம் அணுமின் நிலையத்தில், நீராவிக் கலன் ஒன்றின் தண்ணீர் மட்டம் இறங்கியது. அப்படி இறங்கினால் உலை தானாக நின்றுவிட வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் ஏறக்குறைய அதே நேரத்தில் சுவிட்சைத் திருப்பிக் கையாலும் நிறுத்தினார். உலை நின்றது. தானாகத்தான் நின்றது என்று எடுத்துக்கொண்டு மறுபடியும் இயக்கத் தொடங்கினார்கள்.

25ஆம் தேதி அதே நிலைமை வந்தது. உலையை நிறுத்த வேண்டிய பிரேக்கர்கள் (திறந்தால் மின்சாரத்தைத் துண்டித்து, உலையை நிறுத்தும் தண்டுகளை விழச் செய்யும் சுவிட்சுகள்) இரண்டில் ஒன்று திறந்தாலே போதும், இரண்டுமே திறக்கவில்லை. ஏறக்குறைய அரை நிமிடம் கழித்து ஆள்தான் நிறுத்தினார். அப்புறம் 22ஆம் தேதியின் கணினிப் பதிவை எடுத்துப் பார்த்தால், அன்றைக்கும் அவை தானாகத் திறக்கவே இல்லை.

என்னைக் கேட்டால், தவறுகளில் முதலாவது இதுதான்: உலை ஏன் நின்றது, எப்படி நின்றது என்று பதிவைப் பார்க்காமலே அடுத்த இயக்கத்துக்கு அவசரப்படுவது. மூன்று நாள் முன்பே கையில் இருந்த காகிதம் அது. பிரேக்கருக்குள் இருக்கும் சின்ன விடுவிப்புப் பொறி சரியான பராமரிப்பில்லாமல் இறுகிப் போயிருந்தது. இரண்டும் ஒரே வகை, இரண்டுக்கும் ஒரே பராமரிப்பு, அதனால் இரண்டும் ஒன்றாகவே கைவிட்டன. ‘ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது’ என்று நம்புவதற்கு முன், இரண்டையும் ஒரே காரணம் சாய்க்குமா என்று கேட்க வேண்டும். 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் இருந்த 13 அவசர டீசல் ஜெனரேட்டர்களில் 12 ஒரே சுனாமியில் செயலிழந்தன.

விளக்கு சொல்வதை அப்படியே நம்புவது இன்னொரு தவறு. 1979 மார்ச் 28 அதிகாலை, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில், உலையின் அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. ஆனால் பலகையில் விளக்கு அணைந்துவிட்டது. அந்த விளக்கு காட்டியது, மூடச் சொல்லி உத்தரவு போனதை மட்டும். வால்வு உண்மையில் மூடியதா என்பதை அல்ல. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறியது. அதே காலையில், நீராவிக் கலன்களுக்கு அவசரத்தில் தண்ணீர் அனுப்பத் திறந்திருக்க வேண்டிய துணை நீர் வால்வுகள் இரண்டு மூடிக் கிடந்தன. அவற்றில் ஒன்றின் விளக்கை ஒரு பராமரிப்பு அட்டை மறைத்துக்கொண்டு தொங்கியது. எட்டு நிமிடம் கழித்துத்தான் கவனித்தார்கள். பராமரிப்போ சோதனையோ முடிந்ததும், வேலை செய்தவர் அல்லாத இன்னொருவர் நேரில் போய் ஒவ்வொரு வால்வையும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது இதற்காகத்தான்.

சின்ன அறிகுறிக்குப் பழகிவிடுவதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. ஓஹியோவின் டேவிஸ்-பெஸ் நிலையத்தில், உலைக் கட்டடத்தின் காற்றைச் சோதிக்கும் கருவியின் வடிகட்டி துருத்தூளால் அடைத்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றும் நிலைமை வந்தது. மாற்றினார்கள், மறுபடியும் மாற்றினார்கள். துரு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை 2002இல் கிடைத்தது: உலையின் குளிர்விக்கும் நீரில் கலந்திருந்து கசிந்த போரிக் அமிலம் உலைக் கலத்தின் மூடியை அரித்துக் குழியாக்கியிருந்தது. அந்த இடத்தில் சுமார் 17 செ.மீ. தடிமனுள்ள எஃகு முழுவதும் போய், உள்பக்கத்துத் துருப்பிடிக்காத எஃகுப் பூச்சு மட்டும், ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத தடிமனில், வளிமண்டலத்தைப் போல சுமார் 150 மடங்கு அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. வடிகட்டியை இரண்டாவது முறை சீக்கிரம் மாற்ற நேர்ந்தபோதே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லாமல் விடுவதும் தவறுதான். த்ரீ மைல் ஐலண்டில் சிக்கிய அதே வகை வால்வு, 1977 செப்டம்பரில் இதே டேவிஸ்-பெஸ்ஸிலும் திறந்தபடி சிக்கியது. உலை குறைந்த திறனில் ஓடிக்கொண்டிருந்தது. சுமார் 20 நிமிடத்தில் கண்டுபிடித்து அடைத்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பாடம் பதினெட்டு மாதம் கழித்து, த்ரீ மைல் ஐலண்டின் இரவு ஷிப்டில் இருந்தவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கவில்லை.