கீமோ எடுக்கும் உடன்பிறப்புக்குத் துணை: மும்பைத் தமிழர்களுக்கு ஒரு கையேடு

அக்காவுக்கோ தம்பிக்கோ புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை தொடங்கிவிட்டால் ஆறுதல் சொல்ல ஊரே திரண்டுவிடும். ஆனால் எந்த மாத்திரை எந்த வேளைக்கு, அடுத்த ரத்தப் பரிசோதனை என்றைக்கு என்று கணக்கு வைத்துக்கொள்ள ஓர் ஆள் கிடைப்பது அரிது. உடன்பிறந்தவர் கையில் எடுக்க வேண்டிய வேலை அதுதான். ஒரு நோட்டை வாங்கி, மருந்துகளின் பெயர், எத்தனையாவது சுற்று, உடல் வெப்பம், வாந்தி, மலச்சிக்கல், புதிதாகத் தோன்றிய வலி ஆகியவற்றைத் தேதியிட்டு எழுதிவாருங்கள். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் பெரும்பாலான நோயாளிகள் "பரவாயில்லை" என்று மட்டுமே சொல்வார்கள். போன வாரம் பட்ட பாட்டை அந்த நோட்டுதான் சொல்லும்.

1941 முதல் இயங்கும் பரேல் டாடா மெமோரியல் மருத்துவமனைக்கு தாராவி, செம்பூர், முலுண்ட் பகுதிகளிலிருந்து லோக்கல் ரயிலில் போகிறவர்கள் பலர். மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம் என்பதால், மருத்துவமனைச் சான்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது மட்டும், செலவைப் பார்க்காமல் டாக்சி பிடிப்பது நல்லது. மருந்து ஏறிக்கொண்டிருக்கையில் ஊசி குத்திய இடத்தில் எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். சில மருந்துகள் நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும்.

மருந்து ஏறும் நாளைவிட அதற்கு அடுத்து வரும் நாள்கள்தான் ஆபத்தானவை என்பதைப் பலர் உணர்வதில்லை. பல மருந்துகளில், ஏறக்குறைய 7 முதல் 14 நாள்களுக்குள் நோய்த்தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் அதை அவசர நிலையாகவே கருத வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கவோ, மருத்துவரைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைக்கவோ கூடாது. ஜூலை மழையில் சயனிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் ஹிந்த்மாத்தாவிலும் தண்ணீர் தேங்கிவிட்டால் பரேல் போய்ச் சேர முடியாது. எனவே வீட்டருகே இரவும் பகலும் திறந்திருக்கும் மருத்துவமனை எது, அங்கே ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்றுவார்களா என்பதை முதல் சுற்றுக்கு முன்பே நேரில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை அறை வீட்டில் பெரிய எதிரி தாளிக்கும் வாசனைதான். கடுகும் பெருங்காயமும் எண்ணெயில் விழுந்த மறுகணமே வயிற்றைப் புரட்டும் என்பதால், நோயாளி வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் சமையலை முடித்துவிடுங்கள். ஆவி பறக்கும் சாம்பாரை ஒதுக்குகிறவர், அன்றே செய்து சூடு தணிந்த இட்லியையும் நீர்க்கக் கரைத்த கஞ்சியையும் சாப்பிட்டுவிடுவார். வாந்தி மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு தேடாமல், எழுதிக்கொடுத்த நேரத்திலேயே கொடுக்க வேண்டும். ஆக்சாலிப்ளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றியிருந்தால் சில நாள்களுக்குக் குளிர்ந்த நீரே ஆகாது. கை கால் மதமதப்பும், தொண்டை இறுகியது போன்ற உணர்வும் வரும்.

மருந்தின் எச்சம் ஏறக்குறைய 48 மணி நேரம் சிறுநீரிலும் வாந்தியிலும் வெளியேறும். அவற்றைச் சுத்தம் செய்ய நேர்ந்தால் கையுறை அணியுங்கள். கழிப்பறையில் இருமுறை ஃபிளஷ் செய்யுங்கள். சாலில் (வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட குடியிருப்பில்) பொதுக் கழிப்பறை என்றால், தண்ணீரை மெதுவாக, தெறிக்காமல், தாராளமாக ஊற்றிவிட்டு வரவேண்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

திருநெல்வேலியிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். முள்சீத்தா இலைக் கஷாயம் கொடுத்தீர்களா என்று கேட்கும் சித்தியிடம், டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுப்போம் என்று பணிவாகச் சொன்னால் போதும். மூலிகைகள் சில கீமோ மருந்தோடு மோதக்கூடியவை. எதைக் கொடுப்பதானாலும் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அண்ணன் சாப்பிட மறுத்தாலோ யாரையும் பார்க்க விரும்பாவிட்டாலோ, அன்றைக்கு அவர் சொல்வதுதான் சட்டம்.

பண விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மகாராஷ்டிர ரேஷன் கார்டு இருந்தால் மகாத்மா ஜோதிராவ் புலே என்ற மாநில அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் என்ன கிடைக்கும் என்று மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவில் கேளுங்கள். ஊரிலிருந்து சிகிச்சைக்கு வந்துபோகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகையும், உடன்வரும் ஒருவருக்கு 75 சதவீதச் சலுகையும் உண்டு. சென்னையிலோ துபாயிலோ இருக்கும் தம்பிக்கு, பணம் அனுப்புவதோடு காப்பீட்டுத் தாள்களைச் சேர்க்கும் வேலையையும் கொடுத்துவிடலாம். அவருக்கும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியிராது.

உங்கள் ரத்தமும் தேவைப்படலாம். ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம்செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணு) மாற்று செய்ய நேர்ந்தால், ஒவ்வொரு உடன்பிறப்பும் கொடையாளராக முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. மார்பகம் அல்லது சூலகப் புற்றுநோயில் பெற்றோரிடமிருந்து வந்த மரபணுப் பிழை கண்டறியப்பட்டால், அதே பிழை உங்களுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பிருக்கிறது; அப்போது மரபணு ஆலோசனைக்கு உங்கள் பெயரிலும் ஒரு தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.