ஆண்டு விழா வேஷமும் பெற்றோர் சம்மதமும்: பள்ளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“பள்ளி ஆண்டு விழாவில் என் மகன்/மகள் பங்கேற்க எனக்கு முழு சம்மதம்.” விழாக் காலத்தில் டைரிக்குள் மடித்து வீட்டுக்கு வரும் சீட்டில் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான் இருக்கும். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்த ஒரு கையெழுத்தை வைத்துக்கொண்டு குழந்தையின் கையில் மருதாணிக் கோன் போடுவார்கள், முகத்தில் பான்கேக் என்ற ஒப்பனைப் பூச்சைப் பூசுவார்கள், கண்ணுக்கு மை தீட்டுவார்கள், ஜாக்கெட்டுக்கு அளவெடுப்பார்கள், உடை மாற்றிவிடுவார்கள், வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்றுவார்கள். பெற்றோர் சரி என்று சொன்னது மேடையில் ஆடுவதற்கு மட்டும்தான். மற்ற எதையும் யாரும் அவர்களிடம் கேட்கவே இல்லை.

எல்லாவற்றையும் ஒரே வரியில் அடக்குவதுதான் முதல் தவறு, மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து கிளைப்பவை. உடம்பைத் தொடும் ஒவ்வொரு வேலைக்கும் சீட்டில் தனி வரி வேண்டும், பக்கத்தில் ‘ஆம்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு கட்டம் வேண்டும். மருதாணி, முக ஒப்பனை, பொட்டு அல்லது திருநீறு, சவுரி, உடை மாற்றுதல், படம் எடுத்தல் என்று ஆறேழு வரிகள் போதும், அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஒவ்வொன்றிலும் எந்தப் பொருள், யார் கையால், என்றைக்கு என்ற மூன்றும் இருக்கட்டும். “ஒப்பனை செய்யப்படும்” என்ற வரியைப் படிக்கும் தாய்க்கு ஒன்றும் விளங்காது. “வெளியிலிருந்து வரும் மேக்கப் கலைஞர் இருவர், வகுப்பாசிரியை உடனிருக்க, பான்கேக், கண்மை, உதட்டுச் சாயம் பூசுவார்கள்” என்று எழுதினால், பிள்ளைக்குத் தோலில் கரப்பான் (எக்ஸிமா) இருப்பது அவருக்கு உடனே நினைவுக்கு வரும்.

அடுத்த தவறு, கடைசி நேரத்தில் கேட்பது. வாடகை உடைக்குப் பணம் கட்டி, ஒத்திகையும் முடிந்து, விழாவுக்கு முந்தைய நாள் சீட்டு அனுப்பினால் எந்தப் பெற்றோரும் வேண்டாம் என்று எழுதத் துணியமாட்டார்கள். அது கேட்பதாகவே ஆகாது. குறைந்தது 10 நாள் முன்னதாக அனுப்புங்கள். பூசும் பொருளை முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டளவு தடவி 48 மணி நேரம் பார்க்கவும், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் அந்த அவகாசம் தேவை.

“நாளைக்குள் பதில் இல்லை என்றால் சம்மதமாக எடுத்துக்கொள்வோம்” என்று வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் தவறு. பதில் வராத வீடுகள் பெரும்பாலும் செய்தியைப் பார்க்காத வீடுகள்: இரவு ஷிஃப்டுக்குப் போகும் அப்பா, ஆங்கிலச் சுற்றறிக்கை புரியாத பாட்டி. பதில் வராவிட்டால் ‘வேண்டாம்’ என்றே குறித்துக்கொண்டு, வகுப்பாசிரியர் போன் செய்து கேட்க வேண்டும். சீட்டு தமிழில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் போனில் வரிவரியாக வாசித்துக் காட்டி, அவர்கள் சொன்னதைத் தேதியோடு குறித்து வைக்கலாம்.

மருதாணி என்று கேட்டுவிட்டுக் கறுப்புக் கோன் போடுவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் வரும் கெடுதல் வாழ்நாள் முழுக்கத் தொடரக்கூடியது. இலையை அரைத்து வைக்கும் மருதாணி எடுத்தவுடன் ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கும். ஒன்றிரண்டு நாளில்தான் அடர்ந்து செம்பழுப்பாகும். ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடிக்கிற கோனில் மருதாணி நிறம் மட்டும் இல்லை. முடிச்சாயத்தில் சேர்க்கும் பாரா-ஃபீனைலின்டையமின், சுருக்கமாகப் பிபிடி, அதில் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். தோலில் நேராகப் போடும்போது சிலருக்கு அரிப்பும், தடிப்பும், நீர்க்கொப்புளமும் கோலம் போட்ட கோட்டிலேயே வரும். போட்ட உடனே வராது, சில நாள் கழித்தும் வரலாம். அதனால்தான் விழா முடிந்து வீட்டுக்கு வந்த பிள்ளையின் கையைப் பார்த்து “எறும்பு கடித்திருக்கும்” என்று விட்டுவிடுகிறார்கள். ஒருமுறை உடம்பு பிபிடியை எதிரியாகப் பழகிக்கொண்டால் அது மாறாது. 20 வருடம் கழித்துத் தலைக்கு டை அடிக்கும்போது முகமே வீங்கிப்போகலாம்.

கறுப்புக் கோனைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் போடலாம் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சோதனையே ஒவ்வாமையைத் தொடங்கிவைக்கலாம். அதை வாங்காமல் இருப்பதுதான் வழி. உறையில் சேர்மானப் பட்டியல் இல்லாத கோனையும், ‘உடனடி’, ‘பிளாக்’ என்று அச்சடித்த கோனையும் பள்ளிக்குள் விடாதீர்கள். சீட்டில் “மருதாணி இலை விழுது மட்டும்” என்று எழுதி, அதையே போடுங்கள். வீட்டிலேயே முந்தின இரவு வைத்து அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது, பள்ளிக்கு அந்தப் பொறுப்பே வராது.

இலை மருதாணியும் எல்லாருக்கும் ஆகாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு மருதாணியால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, உடம்பு வெளுத்து, சிறுநீர் கறுத்துப்போகலாம். இதைத் தெரிந்து வைத்திருக்கும் பெற்றோர் உண்டு, பள்ளி கேட்காததால் சொல்லாமல் விடுகிறார்கள். மருத்துவக் கேள்விகளில் ஆஸ்துமா, கரப்பான், ஏற்கெனவே வந்த ஒவ்வாமை ஆகியவற்றோடு இதையும் பெயர் சொல்லியே கேளுங்கள்.

முகத்தில் பூசுவது

ஒரே பஞ்சு, ஒரே மைக்குச்சி 40 பிள்ளைகளுக்குப் போவதை எந்த விழாவிலும் பார்க்கலாம். அந்த வாரமே மெட்ராஸ் ஐ வகுப்பைச் சுற்றிவரும். கண்மையும் உதட்டுச் சாயமும் வீட்டிலிருந்து பெயர் எழுதிய டப்பாவில் வரட்டும். பான்கேக்குக்கு ஆளுக்கொரு பஞ்சுத் துண்டு, ஒருமுறை தொட்டது மறுபடி டப்பாவுக்குள் போகக்கூடாது. வாடகைச் சவுரியில் பேன் வரும், உள்ளே துணித்தொப்பி போட்டுத்தான் மாட்ட வேண்டும்.

மிகவும் ஆபத்தானது ‘காந்தி சிலை’ வேஷம். பெயிண்ட் கடையில் வாங்கிய சில்வர் பெயிண்டைப் பிள்ளையின் முகத்திலும் மார்பிலும் பூசி, பிறகு தின்னரோ மண்ணெண்ணெயோ வைத்துத் தேய்த்து எடுக்கிறார்கள். தோல் வெந்துபோகும், ஆவி நெஞ்சுக்குள் போகும். இதற்குப் பெற்றோர் சம்மதித்தாலும் பள்ளி செய்யக்கூடாது. வெள்ளைத் துணியும் கைத்தடியும் வட்டக் கண்ணாடியும் போதும், எல்லாருக்கும் காந்தி என்று புரியும். கட்டபொம்மன் மீசையைப் பசை போட்டு ஒட்டுவதற்குப் பதில் புருவ பென்சிலால் வரையலாம். ஒட்டியே தீர வேண்டும் என்றால் உரித்து எடுக்காமல், தேங்காய் எண்ணெயில் ஊறவிட்டு எடுங்கள். கைவினைக்கு வாங்கும் மினுமினுப்புத் தூள் கண்ணில் விழுந்தால் கருவிழியைக் கீறும், அது முகத்துக்கு வேண்டவே வேண்டாம்.

தொடுவதும் உடை மாற்றுவதும்

டெய்லர் வந்து வகுப்பில் வரிசையாக நிற்கவைத்து மார்பு, இடுப்பு அளவெடுப்பது பல பள்ளிகளில் சாதாரணம். எட்டாம் வகுப்புப் பெண் குழந்தைக்கு அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு கூச்சம் என்று யாரும் யோசிப்பதில்லை. சரியான அளவுள்ள சட்டையோ ஜாக்கெட்டோ வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லி, அதை வைத்து அளவெடுத்தால் டேப் உடம்பில் படவே வேண்டாம். உடை மாற்றும் அறையில் எப்போதும் பள்ளி ஊழியர் இருவர் இருக்க வேண்டும், பெண் குழந்தைகள் என்றால் இருவரும் பெண்கள். செல்போன் வாசலிலேயே நிற்கட்டும். வெளியாள் யாரும் குழந்தையோடு தனியாக இருக்கக்கூடாது. எந்த உடையின் கீழ் எது அணிய வேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதினால் பிள்ளைகள் உள்ளே பனியன், அரைக்கால் சட்டையோடு வருவார்கள், பாதிச் சங்கடம் அதிலேயே தீரும்.

எங்கே யார் தொட்டார்கள் என்று ஒரு குழந்தை சொன்னால் அது ‘விழா நேரத்துப் பிரச்சினை’ அல்ல. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும், பள்ளிக்குள் பேசி முடிக்க இடமில்லை. 1098 குழந்தைகள் உதவி எண்ணையும், தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணையும் சீட்டின் அடியில் அச்சிடலாம்.

பொட்டும் திருநீறும் ‘சும்மா அலங்காரம்’ என்று நினைப்பது

இது நம்மூரில் கவனிக்காமல் விடுகிற தவறு. பெந்தெகொஸ்தே குடும்பங்கள் பலவற்றில் பொட்டு, நகை, பூ கிடையாது. முஸ்லிம் வீட்டுப் பெண் மருதாணிக்கு மகிழ்ச்சியாகக் கைநீட்டலாம், நெற்றிப் பொட்டுக்குத் தயங்கலாம். சீக்கியப் பையனின் தலைமுடியை வேஷத்துக்காகத் தொட முடியாது. கேட்டால்தானே தெரியும்? சரஸ்வதி பூஜை போன்ற வழிபாடு நிகழ்ச்சியில் இருந்தால் அது சட்டத்துக்குள்ளும் வருகிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் 18 வயதுக்குக் குறைந்தவரை வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்ல, பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 28(3) பிரிவு.

படங்களுக்கும் தனிக் கேள்வி. வகுப்புக்குள் காட்டுவது, பெற்றோர் குழுவில் பகிர்வது, பொதுவெளியில் போடுவது என மூன்றாகக் கேளுங்கள். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்றே சொல்கிறது, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலையும் கேட்கிறது.

சீட்டு அலுவலகத்தில், குழந்தை மேடைக்குப் பின்னால்

ஒழுங்காகக் கேட்டு, ஒழுங்காக நிரப்பி வாங்கிய சீட்டுகள் அலுவலக பீரோவில் கிடக்க, மேக்கப் கலைஞர் வரிசையில் வந்த எல்லாருக்கும் பூசிக்கொண்டே போவார். கடைசித் தவறு இது, உழைப்பெல்லாம் வீணாவதும் இங்கேதான். சீட்டுகளைப் பார்த்து வகுப்பாசிரியர் ஒரு பக்கப் பட்டியல் போட வேண்டும்: பெயர், எது வேண்டாம். காரணம் எழுத வேண்டியதில்லை, நோய் விவரத்தைச் சுவரில் ஒட்டவும் கூடாது. பட்டியல் ஆசிரியர் கையில் இருக்கட்டும், குழந்தையின் அடையாள அட்டை உறைக்குள் ஒரு வண்ணத் துண்டு வைத்தால் போதும். அந்த வண்ணம் தெரிந்தால் ஆசிரியரைக் கேட்காமல் தொடக்கூடாது என்று மேக்கப் கலைஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெற்றோர் ஆம் என்று எழுதியிருந்தும், பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். தாடையைப் பிடித்து நிமிர்த்திப் பூசுவது வழக்கமாக இருக்கிறது. அது கூடாது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தையின் கருத்துக்கு மதிப்பு வேண்டும் என்று சொல்லும் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பெற்றோரின் கையெழுத்து பள்ளிக்குக் கொடுத்த அனுமதி, குழந்தைக்குப் போட்ட கட்டளை அல்ல. பூசாமல், சொந்த உடையில் ஆட விடுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் உட்காரட்டும். இதற்காகவே நடன வரிசையை ஒத்திகையின்போதே ஒரு ஆள் குறைந்தாலும் குலையாதபடி அமைத்து, எட்டுப் பேரோடும் ஏழு பேரோடும் ஆடிப் பழக்கிவிட்டால், அந்தப் பிள்ளையை யாரும் கெஞ்சவோ திட்டவோ வேண்டியிருக்காது.